கிளவுடில் போட்ட படம் இளைத்துவிடுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி படங்களைப் பற்றியே இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் வீட்டைத் துப்புரவு செய்கிற சாக்கில் கைப்பேசியையும் துப்புரவு செய்கிறீர்கள் போலிருக்கிறது. மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். நானும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிலிம் கழுவி வயிறு வளர்த்தவன். படம் என்றால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணே, 2019இல் என் மகள் திருமணம் நடந்தது. அப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. அவர் பேத்திக்குத் திருநீறு பூசுகிற படம் ஒன்று உண்டு. அதை 20க்கு 30 அங்குலத்தில் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட ஆசைப்பட்டுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ரொம்பச் சின்னப் படம், பெரிதாக்கினால் உடைந்துவிடும்" என்கிறார்கள். கூகல் போட்டோஸில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்த படம் அது! என் தங்கை மகன் "கிளவுடில் போட்டால் எல்லாமே சுருங்கிவிடும் பெரியம்மா" என்கிறான். நிஜமா?
*— வாசகி, ஈசூன்*

தங்கை மகன் சொன்னது கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசிப் பழியை வாட்ஸ்அப்தான் சுமக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால், அதன் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளாக, அதாவது பிக்சல்களாக, குறைந்துதான் அடுத்தவர் கைக்குப் போகும். கைப்பேசித் திரையில் பார்க்க அது தாராளம். 4ஆர் (நான்குக்கு ஆறு அங்குலம்) அளவில் அச்சுப் போட்டாலும் ஆறு அங்குலத்துக்கு 1600 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு 266. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. அதே 1600 புள்ளியை 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 53தான் வரும். அப்பாவின் நெற்றியில் மூன்று கோடு இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் மட்டும் தெரியும். கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுக்காமல் முன்கூட்டியே சொன்னாரே, நல்ல மனிதர்.

சரி, கூகலின் பங்குக்கு வருவோம். கூகல் போட்டோஸ் 2015இல் வந்தபோது எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம் என்றார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. "ஹை குவாலிட்டி" என்ற அமைப்பில் போட வேண்டும். அதில் 16 மெகாபிக்சலுக்கு, அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம் புள்ளிக்கு, மேற்பட்ட படம் 16க்குக் குறைக்கப்படும். 1080பிக்கு (உயரத்தில் 1080 புள்ளி) மேற்பட்ட காணொளி 1080பிக்கு இறக்கப்படும். 2021 ஜூன் 1ஆம் தேதியோடு அந்த இலவசம் முடிந்தது. அந்த அமைப்புக்கு இப்போது "ஸ்டோரேஜ் சேவர்" என்று பெயர். இன்னொரு பக்கம் "ஒரிஜினல் குவாலிட்டி" என்று ஒன்று அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் போட்டால் படம் போனபடியே இருக்கும், ஒரு புள்ளி குறையாது. ஆனால் உங்களுக்குக் கொடுத்த இடத்தைத் தின்னும். ஆக, கிளவுட் படத்தைச் சுருக்குமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள் என்பதுதான் கணக்கு.

உங்கள் படம் எதில் போயிருக்கிறது என்று பார்ப்பது சுலபம். கூகல் போட்டோஸில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். கோப்பின் பெயர், எத்தனை மெகாபிக்சல், எத்தனைக்கு எத்தனை புள்ளி, எத்தனை எம்பி, எந்தத் தரத்தில் ஏறியிருக்கிறது, எல்லாம் கீழே வரும். கல்யாண போட்டோகிராபரின் கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்த படம் 6000க்கு 4000 இருந்திருக்கும். நீங்கள் பார்க்கிற இடத்திலும் 6000க்கு 4000 என்றே இருந்தால் கவலை இல்லை. ஏறக்குறைய 4900க்கு 3270 என்று இருந்தால், 16 மெகாபிக்சல் கத்தரி பட்டிருக்கிறது என்று பொருள்.

பட்டிருந்தாலும் பதற வேண்டாம். 4900ஐ 30 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 163 வருகிறது. முழு 6000 என்றால் 200. கையில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு 300 கேட்பார்கள். சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் பார்க்கிற படத்துக்கு 150 இருந்தாலே ஒப்பேறிவிடும். எனவே கூகலில் இருக்கிற சுருங்கிய படத்தைக்கூட நீங்கள் தைரியமாக அச்சுப் போடலாம். ஆனால் அது கடைக்குப் போக வேண்டிய வழி வேறு.

கணினியில் கூகல் போட்டோஸ் தளத்தைத் திறந்து, படத்தின் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி "டவுன்லோட்" கொடுங்கள். இறங்கிய கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும். அல்லது தம்ப்டிரைவில் போட்டுக் கடையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பை விட மனசில்லை என்றால், படமாக அனுப்பாமல் "டாக்குமெண்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படிப் போனால் அது கைவைக்காது. 2023இல் வந்த "எச்டி" பொத்தான் சாதாரணமாக அனுப்புவதைவிட மேல்தான், ஆனாலும் அசல் அப்படியே போகாது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். அது உங்கள் கைப்பேசித் திரையின் படம், உங்கள் அப்பாவின் படம் அல்ல.

இன்னும் ஒன்று. ஸ்டோரேஜ் சேவரில் புள்ளிகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும் கோப்பு இளைக்கும். உங்கள் கைப்பேசி எடுக்கிற 12 மெகாபிக்சல் படம், 4032க்கு 3024, உள்ளே போனாலும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆனால் 4 எம்பியாகப் போனது அதைவிடக் குறைந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி அமுக்கியிருக்கிறார்கள். முகத்தில் அது தெரியாது. பட்டுச்சேலைச் சரிகையில், தலைமுடி இழையில், மண்டபத்தின் இருட்டு மூலையில் உற்றுப் பார்த்தால் தெரியும். என் போன்றவர்கள் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்போம். பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் பார்க்க மாட்டார்கள்.

செட்டிங்கை இப்போது "ஒரிஜினல்" என்று மாற்றினால் பழைய படம் திரும்ப விரியுமா என்று அடுத்து கேட்பீர்கள். விரியாது. இனி ஏறும் படங்களுக்குத்தான் அது. அசல் வேண்டுமென்றால் 2019இல் போட்டோகிராபர் கொடுத்த தம்ப்டிரைவைத் தேடுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில், கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு கிடக்கும். கிடைத்தால் அந்தக் கோப்புறையை அப்படியே கூகல் டிரைவில் ஏற்றுங்கள். டிரைவில் சும்மா கோப்பாகப் போடுவதை அது அமுக்குவதில்லை. கிடைக்காவிட்டால் போட்டோகிராபருக்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள். கல்யாணப் படங்களைச் சுலபத்தில் அழிக்காத ஆட்கள் நிறையப் பேர்.

*

அண்ணே, ஐபோனில் இடம் நிரம்பி வழிகிறது. "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" போடு என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். போட்டால் என் படமெல்லாம் சின்னதாகிவிடாதா? பேசாமல் எல்லாம் ஐகிளவுடில் ஏறியதும் போனில் இருப்பதை அழித்துவிடலாமா?
*— வாசகர், சுவா சூ காங்*

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: அழிக்காதீர்கள்! ஐகிளவுட் போட்டோஸ் என்பது போனில் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு தனித்தனிப் பெட்டி அல்ல. ஒரே தொகுப்பு, எல்லாக் கருவியிலும் தெரிகிறது. போனில் அழித்தால் மேலேயும் அழியும், வீட்டு ஐபேடிலும் அழியும். "ரீசன்ட்லி டெலிட்டட்" பகுதியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். கூகல் போட்டோஸில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" தட்டிப் பழகியவர்கள் ஐபோனுக்கு மாறியதும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இப்போது முதல் கேள்வி. ஆப்பிள் ஐகிளவுடில் அசலைத்தான் வைக்கிறது. எடுத்த புள்ளி, எடுத்த வடிவம், எல்லாம் அப்படியே. ஆப்டிமைஸ் போட்டால், போனில் மட்டும் இடம் குறையும்போது சிறிய நகலை வைத்துக்கொண்டு அசலை மேலேயே விட்டுவிடும். நெகட்டிவ் ஸ்டூடியோவில், 4ஆர் உங்கள் பர்சில், அவ்வளவுதான். படத்தைத் திறந்து பெரிதாக்கும்போது அசலை இறக்கிக் காட்டும். இணையம் இருக்கிற வரை வித்தியாசமே தெரியாது. காஸ்வே தாண்டி ரோமிங் இல்லாமல் ஜோகூரில் நின்றுகொண்டு, போன தீபாவளிப் படத்தை மாமாவிடம் காட்டலாம் என்று திறந்தால் மங்கலாக நிற்கும். அப்போதும் படம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், வீட்டு வைஃபை வந்ததும் தெளிந்துவிடும்.

ஆனால் ஒன்று: இலவசமாகக் கொடுப்பது 5 ஜிபிதான். அது நிரம்பியிருந்தால் புதிய படம் எதுவும் மேலே ஏறியிருக்காது. ஏறாத படத்தை ஆப்டிமைஸால் ஒன்றும் செய்ய முடியாது, போனிலேயே கிடக்கும். உங்கள் போன் வழிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். போட்டோஸ் செயலியில் லைப்ரரியின் பக்கம் போய், எத்தனை படம் ஏறாமல் நிற்கிறது என்று பாருங்கள். மாதம் சில வெள்ளி கட்டி இடம் வாங்குவதா, கணினிக்கு இறக்கி வைப்பதா என்பது உங்கள் விருப்பம். இறக்குவதானால் ஐகிளவுட் தளத்தில் "அன்மாடிஃபைட் ஒரிஜினல்" என்று கேட்டு வாங்குங்கள். "மோஸ்ட் கம்பாட்டிபிள்" கொடுத்தால் ஐபோன் எடுக்கிற எச்இஐசி வடிவப் படத்தை ஜேபெக் வடிவத்துக்கு மாற்றித் தரும். பழைய விண்டோஸ் கணினியில் திறக்க வசதி, ஆனால் அது அசல் கோப்பு அல்ல.

*

கூகலில் 15 ஜிபி நிறைந்துவிட்டது. "ரெகவர் ஸ்டோரேஜ்" என்றொரு பொத்தான் கண்ணில் பட்டது. அமுக்கினால் இடம் கிடைக்கும் என்கிறது. அமுக்கலாமா?
*— ஆசிரியை, புக்கிட் பாத்தோக்*

இன்று இரவு வேண்டாம். அந்தப் பொத்தான், நீங்கள் ஒரிஜினலாக ஏற்றிய அத்தனை படத்தையும் காணொளியையும் ஸ்டோரேஜ் சேவர் தரத்துக்கு இறக்கிவிடும். இறக்கியதைத் திரும்ப ஏற்ற வழியே கிடையாது. கைப்பேசிப் படங்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை என்று மேலேயே சொன்னேன். காணொளிகளுக்குத்தான் நட்டம்.

இடத்தைத் தின்பதும் காணொளிதான். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 பிரேம் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 170 எம்பி என்று ஆப்பிளே செட்டிங்ஸில் எழுதி வைத்திருக்கிறது. 1080பியில் 60 எம்பி. ஆக, மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை 4கேயில் முழுதாகப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 15 ஜிபியும் காலி. அலாரிப்பு உண்டு, தில்லானாவுக்கு இடம் இருக்காது. அந்த 15 ஜிபியில்தான் உங்கள் ஜிமெயிலும் டிரைவும் பங்கு கேட்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால் முதலில் "மேனேஜ் ஸ்டோரேஜ்" போய்ப் பெரிய காணொளிகளை மட்டும் பாருங்கள். வேண்டியதை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவிட்டு மேலே இருப்பதை அழியுங்கள். பையைத் தவறுதலாகக் காணொளி எடுத்தது, யாரோ அனுப்பிய கோயில் தேர், ஐந்து குடும்பக் குழுவில் வந்த ஒரே காலை வணக்கம், இவையும் கணிசமாக இருக்கும். வாட்ஸ்அப் கோப்புறையை பேக்கப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆனால் பழைய படங்களை அழித்து இடம் பிடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள்: 2021 ஜூனுக்கு முன் ஹை குவாலிட்டியில் ஏறியவை அந்த 15 ஜிபியில் சேராது. ஆயிரம் படத்தை அழித்தாலும் ஒரு எம்பிகூடத் திரும்பாது, படம் போனதுதான் மிச்சம்.

*

ஐபோன் ஷேர்டு ஆல்பத்தில் தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்களுக்குப் படம் போடுகிறேன். அவர்கள் அங்கிருந்து பெரிதாக அச்சுப் போட முடியுமா?
*— வாசகர், பிடோக்*

4ஆர், 5ஆர் போடலாம். அதற்கு மேல் வேண்டாம். ஷேர்டு ஆல்பத்தில் போகிற படத்தின் நீளப் பக்கம் 2048 புள்ளிக்குக் குறைந்துவிடும். காணொளியும் 720பிதான். ஐகிளவுட் அசலை வைக்கிறது என்று நான் சொன்னது உங்கள் சொந்தத் தொகுப்புக்கு; பகிர்ந்த ஆல்பத்துக்கு அல்ல. வீட்டுக்குள் மனைவி மக்களோடு முழுத் தரத்தில் பகிர "ஷேர்டு லைப்ரரி" என்று வேறொன்று இருக்கிறது, உங்களோடு ஐந்து பேர் வரை சேரலாம். தஞ்சாவூருக்கு அச்சுக்குரிய படத்தை மட்டும் டிரைவ் இணைப்பாக அனுப்பிவிடுங்கள்.

*

தாத்தா 1950களில் இங்கே ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம், உள்ளங்கை அளவு. ஸ்கேன் செய்து கிளவுடில் வைக்க வேண்டும். எந்த அளவில் செய்வது? கைப்பேசியிலேயே எடுத்தால் போதாதா?
*— வாசகி, தோ பாயோ*

கைப்பேசியில் எடுக்கலாம், ஆனால் பழைய பளபளப்புத் தாளில் கூரை விளக்கு விழுந்து தாத்தாவின் ஒரு கண்ணை மறைத்துவிடும். பிளாட்பெட் ஸ்கேனர் யாரிடமாவது இருந்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுங்கள். மூன்றுக்கு நான்கு அங்குலப் படம் 1800க்கு 2400 புள்ளியாக வரும். அதை இரண்டு மடங்காகப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 300 நிற்கும். 1200 டிபிஐ வைத்தால் கோப்பு வீங்கும், தாளின் நார் தெரியும், தாத்தா கூடுதலாகத் தெரிய மாட்டார். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறியதைப் பின்னால் சரி செய்ய அது உதவும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். படத்தை ஈரத்துணியால் தொடவே கூடாது.

இந்த அளவு 16 மெகாபிக்சலுக்குக் கீழே இருப்பதால் ஸ்டோரேஜ் சேவர் புள்ளியைக் குறைக்காது. ஆனாலும் மறுபடி அமுக்கும். இதை மட்டும் ஒரிஜினலில் போடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள்; ஸ்டூடியோ முத்திரை, ஊருக்கு அனுப்ப எழுதிய இரண்டு வரி, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

*

அம்மா தவறி ஓராண்டு ஆகிறது. அவர் கூகல் கணக்கில் கூடுதல் இடத்துக்கு இன்னும் நான்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். நிறுத்தினால் படங்களின் தரத்தைக் குறைத்துவிடுவார்களா? அல்லது அழித்துவிடுவார்களா?
*— வாசகர், உட்லண்ட்ஸ்*

பணம் நின்றதற்காகத் தரத்தைக் குறைக்க மாட்டார்கள், உடனே அழிக்கவும் மாட்டார்கள். ஆனால் 15 ஜிபிக்கு மேல் இருந்தால் அந்தக் கணக்கில் புதிதாக எதுவும் ஏறாது, மின்னஞ்சலும் வராது. அப்படி இடம் மீறிய நிலையிலேயே இரண்டாண்டு கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம் என்பது கூகலின் விதி. அது தவிர, இரண்டாண்டு யாருமே நுழையாத கணக்கையும் நீக்குகிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பணம் கட்டுகிற கணக்கு அதில் மாட்டாது, நிறுத்தினால் மாட்டலாம்.

அம்மாவின் கைப்பேசி உங்களிடம் திறந்த நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய வசதி. கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தருகிற கூகல் டேக்அவுட் தளத்தில் அவர் கணக்கில் நுழைந்து போட்டோஸை மட்டும் கேளுங்கள். எந்தத் தரத்தில் வைத்திருக்கிறார்களோ அதே தரத்தில் ஜிப் கோப்புகளாக வரும். தயாராக நேரம் பிடிக்கும், வந்த இணைப்பும் சில நாளில் காலாவதியாகும், ஆகவே கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். படங்களோடு ஜேசான் என்று முடிகிற சின்னச் சின்னக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் வரும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா படத்துக்குக் கீழே ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அதில்தான் இருக்கும். எல்லா ஜிப்பும் பிரிந்து படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று உடன்பிறந்தவரிடம்.

பணத்தை நிறுத்துவதற்கு முன் அவர் ஜிமெயிலையும் ஒருமுறை துழாவிவிடுங்கள். வங்கி, காப்புறுதிக் கடிதங்கள் இன்னும் அங்கேதான் வந்துகொண்டிருந்தால், முதலில் அவற்றை உங்கள் முகவரிக்கு மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும்.